தெற்கே ஆளோடு, வடக்கே வெறுமையாக: ரொறன்ரோ–புளோரிடா குளிர்காலப் பயணத்துக்குத் தனி ஜெட் கட்டுப்படியாகுமா?

ரொறன்ரோவிலிருந்து புளோரிடாவுக்கு நவம்பரில் ஒரு சிறிய ஜெட்டை வாடகைக்குக் கேட்டால், வரும் விலையில் ஏறத்தாழப் பாதி உங்களுக்கானதல்ல. உங்களை இறக்கிவிட்டு ஆளில்லாமல் வடக்கே திரும்பும் விமானத்துக்கானது. விலைச்சீட்டில் இது 'ரீபொசிஷனிங்' என்று ஒரு வரியாக இருக்கும். சில தரகர்கள் அதைக்கூடக் காட்டாமல் மொத்தத் தொகைக்குள் கரைத்துவிடுவார்கள். வணிகப் பயணி காலையில் போய் மாலையில் அதே விமானத்தில் திரும்பிவிடுகிறார். குளிருக்குத் தப்பித் தெற்கே போகிறவர், கனடாவில் 'ஸ்னோபேர்ட்' எனப்படுகிறவர், ஐந்து மாதம் கழித்துத்தான் திரும்புகிறார். ஆண்டுக்கு இரண்டு முறை பறக்கிறார், நான்கு பறப்புக்குக் காசு கட்டுகிறார்.

கணக்கைப் போட்டே பார்க்கலாம். ரொறன்ரோவின் பியர்சன் விமான நிலையத்திலிருந்து வெஸ்ட் பாம் பீச் அல்லது நேபிள்ஸ் வரை நேர்கோட்டில் ஏறத்தாழ 1,900 முதல் 1,950 கிலோமீட்டர். லைட் ஜெட் எனப்படும் சிறு ஜெட் ஒன்றுக்கு ஏறக்குறைய 3 மணி நேரம். மணிக்கு 4,000 அமெரிக்க டொலர் என்று வைத்துக்கொள்வோம். சந்தையில் 3,000 முதல் 5,000 வரை நடக்கிறது. போக 12,000, வெறுமையாகத் திரும்ப 12,000. தரையிறங்கு கட்டணம், முனையக் கட்டணம், சுங்கம் என 1,500. அன்று பனி பெய்தால் அதற்குமேல் டீ-ஐசிங், அதாவது இறக்கையில் ஒட்டிய பனியைக் கரைக்கும் செலவு. ஆக ஒரு வழிக்கு 26,000 டொலரை ஒட்டி நிற்கும். ஆறு பேர் போனால் தலைக்கு 4,300 சொச்சம். கணவனும் மனைவியும் மட்டும் போனால் தலைக்கு 13,000. ஏப்ரலில் இதே தொகை இன்னொரு முறை. எல்லா ஒப்பீடும் இந்த எண்ணோடுதான்.

திரும்பும் விமானத்தை என்ன செய்வது

காசு எப்படியும் கட்டியாகிவிட்டது என்றால் அந்தத் திரும்பும் பறப்பைப் பயன்படுத்துவதுதான் முதல் வழி. பலருக்கு இது தோன்றுவதே இல்லை. பெற்றோர் இருவரும் வெள்ளிக்கிழமை தெற்கே போகிறார்கள் என்றால், மகனோ மகளோ குடும்பத்தோடு கூடவே ஏறலாம். சனியும் ஞாயிறும் அங்கே வீட்டைத் திறந்து, குளிர்சாதனம் ஓடுகிறதா, குழாயில் கசிவு உண்டா என்று பார்த்துக் கொடுத்துவிட்டு, ஞாயிறு மாலை அதே விமானத்தில் திரும்பிவிடலாம். பறக்கும் நேரம் அதே 6 மணிதான். கூடுவது விமானிகள் இருவரின் இரண்டு இரவுத் தங்கல் செலவும், நடுநாளுக்கு 'நாள் குறைந்தபட்சம்' கேட்பார்களானால் அதுவும். பெரும்பாலான நிறுவனங்கள் விமானம் தங்கியிருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் சராசரியாக 2 மணி நேரப் பறப்புக்காவது கட்டணம் எதிர்பார்க்கும். மூன்று நாளுக்கு 2 மணி வீதம் 6 மணி. நீங்கள் பறப்பதும் 6 மணி. ஆகவே வெள்ளி–ஞாயிறு சரியாகப் பொருந்துகிறது. வெள்ளி–செவ்வாய் ஆனால் பொருந்தாது, தண்டம் விழும். ஏப்ரலில் இதையே தலைகீழாகச் செய்யலாம்: பிள்ளைகள் போய் இரண்டு நாள் கடற்கரையில் இருந்துவிட்டுப் பெற்றோரைக் கூட்டி வரலாம்.

இரண்டாவது வழி 'எம்ப்டி லெக்'. அதாவது வேறொருவர் காசு கட்டிய வெற்றுப் பறப்பை மலிவில் வாங்குவது. விளம்பரத்தில் 75 சதவீதம் வரை தள்ளுபடி என்று இருக்கும். ஆனால் திசையைக் கவனியுங்கள். நவம்பரில் ஆட்கள் எல்லாம் தெற்கே போகிறார்கள், வெறுமையாகக் கிடக்கும் விமானங்கள் வடக்கே வருகின்றன. ஏப்ரலில் ஆட்கள் வடக்கே, வெற்று விமானங்கள் தெற்கே. ஸ்னோபேர்ட் தேடும் நாளில் அவர் தேடும் திசையில் எம்ப்டி லெக் கிடைப்பது அரிது. எதிர்த்திசையில் வேண்டியமட்டும் இருக்கும். புளோரிடாவிலிருந்து அமெரிக்க நன்றிகூறல் நாளுக்குப் பேரப்பிள்ளைகளைப் பார்க்க வடக்கே வருகிறவருக்கோ, மார்ச் கடைசியில் ஒரு வாரம் மட்டும் வெயில் காயப் போகிறவருக்கோ அது பொருந்தும். வாங்கினாலும் ஒரு சிக்கல் உண்டு. முதல் வாடிக்கையாளர் நாளை மாற்றினால் உங்கள் பறப்பும் காணாமல்போகும். காசு திரும்ப வரும், பயணம் வராது. அதனால் எம்ப்டி லெக் எடுப்பவர் அதே நாளுக்கு, விமான நிறுவனத்தின் வெகுமதிப் புள்ளிகளைக் கொண்டாவது, இரத்துச் செய்யக்கூடிய சாதாரண விமானச் சீட்டொன்றை மாற்றாகக் கைவசம் வைத்திருக்க வேண்டும்.

மூன்றாவது, ஒருவழிக் கட்டணம் சொல்லும் பெரிய அமெரிக்க நிறுவனங்களைக் கேட்பது. அவர்களின் விமானங்கள் ஓரிடத்தில் கட்டிப்போட்டவை அல்ல. புளோரிடாவில் உங்களை இறக்கிவிட்டு அங்கிருந்தே அடுத்த ஆளை ஏற்றிக்கொண்டு அட்லாண்டாவுக்குப் போய்விடும். கனடியப் பதிவு விமானத்துக்கு அந்த வசதி கிடையாது. அமெரிக்காவின் ஓர் ஊரில் ஆளேற்றி இன்னோர் ஊரில் இறக்கிக் காசு வாங்க அதற்கு அனுமதி இல்லை. அதனால் கனடாவுக்கு வரும் ஆள் கிடைக்காவிட்டால் அது வெறுமையாகத் திரும்ப வேண்டும், அந்தச் செலவு உங்கள் தலையில்தான். எனவே விலை கேட்கும்போது ஒரு கனடிய நிறுவனம், ஓர் அமெரிக்க நிறுவனம் என்று இரண்டு பக்கமும் கேளுங்கள். நவம்பரில் வித்தியாசம் பெரிதாகவே இருக்கும்.

காசு எங்கே கட்டுகிறீர்கள் என்பதும் இங்கே ஒரு கேள்வி. அமெரிக்க வரிச் சட்டத்தில் எல்லையிலிருந்து 225 மைலுக்குள் இருக்கும் கனடிய ஊர்களுக்குத் தனி வலயம் உண்டு. ரொறன்ரோ அதற்குள் விழுகிறது. அமெரிக்காவில் வைத்துப் பணம் செலுத்தினால் ரொறன்ரோ–புளோரிடா பறப்புக்கு உள்நாட்டுப் பறப்பு போலவே 7.5 சதவீத வரி ஏறும். கனடாவில் இருந்து கட்டினால் அந்த 7.5 ஏறாது, தலைக்கு இருபது சொச்ச டொலர் பன்னாட்டு வரி மட்டும் வரும். 26,000 டொலரில் 7.5 சதவீதம் என்பது 1,950 டொலர். ஏப்ரல் பயணத்துக்கான பணத்தைப் புளோரிடாவில் இருந்துகொண்டு கட்டுகிறவர்கள் இதைத் தரகரிடம் முன்கூட்டியே கேட்டுத் தெளிந்துகொள்வது நல்லது.

எந்த விமானம்

படத்தில் எல்லா ஜெட்டும் ஒரே மாதிரி வெள்ளைத் தோல் இருக்கையோடு இருக்கும். எழுபது வயதைக் கடந்தவருக்கு முதலில் கேட்க வேண்டியது கூரையின் உயரம். சைட்டேஷன் சிஜே3 உள்ளே 1.45 மீட்டர், பினொம் 300 உள்ளே 1.5 மீட்டர். பெரும்பாலோரால் நிமிர்ந்து நிற்க முடியாது. முழங்கால் வலி உள்ளவர் குனிந்தபடி, இருக்கைகளைப் பிடித்துப் பிடித்து நகர வேண்டும். கழிவறையும் பல லைட் ஜெட்டில் மடிப்புக் கதவோ திரையோ போட்ட ஒரு மூலைதான். சைட்டேஷன் எக்ஸ்எல்எஸ் 1.73 மீட்டர். சராசரி உயரம் உள்ளவர் தலையை இலேசாகச் சாய்த்தால் போதும். சாலஞ்சர் 350-இல் 1.83 மீட்டர், நடக்கலாம். ஆனால் அதன் மணிக்கட்டணம் 7,000 டொலரைச் சுற்றி வரும். இரண்டே முக்கால் மணி நேரம், இரண்டு வழி என்றால் 38,000-ஐத் தாண்டிவிடும்.

இந்த வழித்தடத்துக்குப் பலரும் ஏளனமாகப் பார்க்கும் பிலாட்டஸ் பிசி-12-ஐ நாங்கள் சற்று உயர்த்தியே சொல்வோம். ஒற்றை எஞ்சின் டர்போபுரொப், அதாவது விசிறி சுழன்று இழுக்கும் விமானம், வேகம் குறைவு. 3 மணிப் பயணம் 4 மணி அல்லது சற்றுக் கூடுதலாகும், காதில் இரைச்சலும் இருக்கும். ஆனால் பின்பக்கத்தில் 1.35 மீட்டர் அகலமும் 1.32 மீட்டர் உயரமும் உள்ள சரக்குக் கதவு ஒன்று இருக்கிறது. சக்கர நாற்காலி, பெரிய நாய்க்கூண்டு, ஐந்து மாதத்துக்கான பெட்டிகள் எல்லாம் அதன் வழியே நேராக உள்ளே போய்விடும். மணிக்கு 2,400 டொலர் என்று வைத்தால் இரு வழிக்கும் 20,000-க்குள் அடங்கும். இரண்டு எஞ்சின் இல்லாமல் ஏறமாட்டேன் என்பவருக்கு கிங் ஏர் 350 இருக்கிறது. மூன்றரை மணி, விலை நடுவில்.

பெட்டி விஷயம் சாதாரணமல்ல. ஸ்னோபேர்ட் கொண்டுபோவது வார இறுதிப் பை அல்ல. பினொம் 300-இல் எல்லாப் பெட்டி அறைகளையும் கூட்டினால் 84 கன அடி. அதே வகுப்பில் இது தாராளம்தான். என்றாலும் ஆறு பேர் தலைக்கு இரண்டு பெரிய கடினப் பெட்டி கொண்டுவந்தால் சில பெட்டிகள் தரையிலேயே நின்றுவிடலாம். துணியாலான மென்பைகள் மூலைமுடுக்கில் நெளிந்து அடங்கும். கடின ஓட்டுப் பெட்டி அடங்காது. கோல்ஃப் பை இருந்தால் எண்ணிக்கையை முன்பே சொல்லுங்கள். ஆட்களின் எடையையும் கேட்பார்கள். வெட்கப்பட்டு 10 கிலோ குறைத்துச் சொல்வது வழக்கம். குளிர்கால உடுப்போடு ஆறு பேரும் அப்படிக் குறைத்தால், முழு எரிபொருளோடு கிளம்ப முடியாமல் நடுவில் ஓர் ஊரில் இறங்கி எண்ணெய் போட வேண்டிவரும். 40 நிமிடமும் இன்னொரு தரையிறங்கு கட்டணமும் போகும்.

எங்கிருந்து கிளம்பி எங்கே இறங்குவது

மார்க்கம், ஸ்காபரோ பக்கத்துத் தமிழர்களுக்கு வசதியாக இருந்த பட்டன்வில் விமான நிலையம் 2023 நவம்பரில் மூடப்பட்டுவிட்டது. தீவு விமான நிலையமான பில்லி பிஷப்பில் 1983 ஒப்பந்தப்படி ஜெட் இறங்கக்கூடாது. பிசி-12, கிங் ஏர் இறங்கலாம், இரவு 11 முதல் காலை 6:45 வரை மூடியிருக்கும். ஒஷாவாவில் ஓடுபாதை 1,300 மீட்டரை ஒட்டியது. டர்போபுரொப்புக்குப் போதும். ஈரப் பனி படிந்த நாளில் பல ஜெட்டுகள் அங்கே இறங்கச் சம்மதிக்காது. ஜெட் என்றால் பியர்சன் அல்லது ஹமில்டன். பியர்சனில் தனி விமானங்களுக்கும் நேர ஒதுக்கீடு வேண்டும், இரவுக் கட்டுப்பாடும் உண்டு. ஹமில்டன் 24 மணியும் திறந்திருக்கும்.

புளோரிடா பக்கம் சுங்கம் இருக்கும் இடத்தில்தான் முதலில் இறங்க முடியும். பெரிய விமான நிலையங்களைத் தவிர நேபிள்ஸ், சரசோட்டா, போக்கா ரட்டோன் போன்ற இடங்களில் கட்டணச் சுங்கம் இருக்கிறது. அதிகாரி வரும் நேரத்துக்குக் கூலி நீங்கள் கொடுக்க வேண்டும். நேரம் தாண்டினால் கூடுதல் கூலி. அவர் வந்து பார்க்கும்வரை விமானத்தை விட்டு இறங்கவே கூடாது. நேபிள்ஸில் இரவு 10 முதல் காலை 7 வரை பறக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறார்கள். கட்டாயம் அல்ல, ஆனால் நல்ல நிறுவனங்கள் மதிக்கும். வெஸ்ட் பாம் பீச்சுக்குப் போகிறவருக்கு இன்னொரு தொல்லை. அதிபர் டிரம்பின் மார்-அ-லாகோ மாளிகை பக்கத்திலேயே இருப்பதால், அவர் அங்கே இருக்கும் நாட்களில் வான்வெளியில் தனி விமானங்களுக்குக் கடும் கட்டுப்பாடு வரும். அந்த வார இறுதிகளில் போக்கா ரட்டோன் அல்லது ஃபோர்ட் லாடர்டேல் எக்ஸிக்யூட்டிவ் என்று மாற்று இடத்தை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

டீ-ஐசிங் என்னும் திறந்த காசோலை

ஒப்பந்தத்தில் 'டீ-ஐசிங் தனி' என்ற ஒரே வரிதான் இருக்கும். தொகை இருக்காது. இறக்கையில் உறைபனியோ பனியோ ஒட்டியிருந்தால் கனடியச் சட்டப்படி விமானம் எழும்பக்கூடாது. முதலில் சூடாக்கிய செம்மஞ்சள் திரவத்தை (வகை 1) பீய்ச்சி ஒட்டியதைக் கரைப்பார்கள். பனி தொடர்ந்து பெய்தால் மேலே கெட்டியான பச்சைத் திரவம் (வகை 4). அது புதுப்பனி ஒட்டாமல் ஒரு குறிப்பிட்ட நேரத்துக்குத் தாங்கும். இலேசான பனியில் நீண்ட நேரம், கனத்த பனியில் சில நிமிடங்கள். அந்த நேரத்துக்குள் எழும்பாவிட்டால் மறுபடி வரிசையில் நின்று மறுபடி பீய்ச்ச வேண்டும். திரவத்தின் அளவுக்கே காசு. சிறு ஜெட்டுக்கு ஒருமுறைக்கு ஆயிரம் இரண்டாயிரம் டொலர் என்பது சர்வசாதாரணம். பெரிய ஜெட்டுக்கு இன்னும் ஏறும்.

இங்கேதான் புளோரிடா வழித்தடத்துக்கே உரிய பொறி ஒன்று இருக்கிறது. குளிர்காலத்தில் தெற்கே போகும் விமானங்கள் ஜாக்சன்வில் வான் கட்டுப்பாட்டு மையத்தின் வழியே நெருக்கியடித்துக்கொண்டு போகின்றன. கூட்டம் கூடினால் கிளம்பும் நேரத்தைக் கட்டுப்பாட்டாளர்கள் பின்தள்ளுவார்கள். பனி பெய்யும் பியர்சனில் திரவம் பீய்ச்சியாகிவிட்டது, ஆனால் புளோரிடா நெரிசலால் 50 நிமிடம் கழித்துத்தான் எழும்ப அனுமதி என்றால் பீய்ச்சியது வீண். அனுபவமுள்ள நிறுவனம் முதலில் எழும்பும் நேரத்தைக் கையில் வாங்கிக்கொண்டுதான் டீ-ஐசிங் திடலுக்குப் போகும். 'உங்கள் விமானிகள் எந்த வரிசையில் செய்வார்கள்' என்று கேட்டுப் பாருங்கள். பதிலிலேயே தரம் தெரிந்துவிடும்.

முந்திய இரவு சூடான கொட்டகையில் விமானத்தை நிறுத்தச் சொல்வது சில நூறு டொலர் செலவில் ஆயிரங்களை மிச்சப்படுத்தும். வானம் தெளிவாக இருந்து இரவு உறைபனி மட்டும் விழும் நாளில் இது கச்சிதம். பனி பெய்துகொண்டிருக்கும் நாளில் இது எதிர்விளைவைத் தரும். கொட்டகைச் சூட்டில் இருந்த இறக்கையின்மேல் விழும் பனி உருகி நீராகி, வெளிக்குளிரில் கண்ணாடியாக உறைந்துவிடும். அன்றைக்கு எப்படியும் திரவம் வேண்டும்.

எல்லையில் தடுக்கி விழும் இடங்கள்

லண்டனிலிருந்தோ பாரிஸிலிருந்தோ வந்து நிற்கும் தங்கையையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்று நினைக்கும் குடும்பங்களுக்கு இதுதான் முதல் எச்சரிக்கை. எஸ்டா அனுமதியில் விசா இல்லாமல் அமெரிக்கா போகிறவர் அந்தத் திட்டத்தில் கையெழுத்திட்ட விமான நிறுவனத்தில்தான் வந்திறங்க வேண்டும். பெரிய விமான நிறுவனங்கள் எல்லாம் கையெழுத்திட்டவை. சார்ட்டர் எனப்படும் வாடகை விமான நிறுவனங்களில் பல கையெழுத்திடாதவை. அப்படிப்பட்ட விமானத்தில் வந்தால் எஸ்டா செல்லாது, ஒட்டிய விசா வேண்டும். கனடியக் குடியுரிமை உள்ளவருக்கு இந்தச் சிக்கல் இல்லை. நிரந்தரவாசியாக இருந்து இலங்கை, இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்கு எப்படியும் விசா வேண்டும்.

பயணிகள் பட்டியலை விமானம் கிளம்ப 60 நிமிடத்துக்கு முன்பாவது அமெரிக்கச் சுங்கத்துக்கு மின்வழியே அனுப்பியாக வேண்டும். கடைசி நேரத்தில் மச்சானும் வருகிறார் என்றால் அந்த 60 நிமிடக் கணக்கு மறுபடி தொடங்கும். திரும்பி வரும்போது, 15 பேருக்கு மிகாத தனி விமானம் என்றால், கனடா எல்லைச் சேவைக்கு, வந்திறங்க 48 மணி நேரத்துக்கு உள்ளும் குறைந்தது 2 மணி நேரத்துக்கு முன்பும் தொலைபேசியில் அறிவிக்க வேண்டும். அதை விமானிகள் செய்வார்கள். வாங்கிய பொருட்களின் விவரத்தை மட்டும் நீங்கள் தயாராக வைத்திருங்கள்.

நாய் இருந்தால்: 2024 ஆகஸ்ட் முதல் அமெரிக்காவுக்குள் போகும் எந்த நாய்க்கும் ஆறு மாத வயதும், மைக்ரோசிப்பும், நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் இணையப் படிவ ரசீதும் வேண்டும். திரும்பும்போது கனடாவுக்கு ரேபிஸ் தடுப்பூசிச் சான்று. கறிவேப்பிலையைப் பையில் வைக்காதீர்கள். சிட்ரஸ் மரங்களை அழிக்கும் பச்சையாதல் நோயைப் பரப்பும் பூச்சி அதில் தங்கும் என்பதால் தடை. 2005-இல் அந்த நோய் நுழைந்ததிலிருந்து புளோரிடாவின் தோடந்தோட்டங்கள் பட்ட பாட்டில், அங்குள்ள அதிகாரிகள் இதில் இரக்கம் காட்டமாட்டார்கள். தனி விமானம் என்பதால் சோதனை குறையும் என்று எண்ண வேண்டாம். ஆறு பேரின் பெட்டிகளைப் பார்க்க ஓர் அதிகாரிக்கு நிறைய நேரம் இருக்கிறது.

இறங்கியபின் ஐ-94 என்னும் அமெரிக்க நுழைவுப் பதிவு உங்கள் பெயரில் ஏறியிருக்கிறதா என்று இணையத்தில் அன்றே பாருங்கள். தங்கிய நாட்களின் கணக்குக்கு அதுதான் ஆதாரம். இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் முழு நாளாகவே எண்ணப்படும். அமெரிக்க வரி அதிகாரிகள் இவ்வாண்டின் எல்லா நாட்களோடு சென்ற ஆண்டின் மூன்றிலொரு பங்கையும் அதற்கு முந்தைய ஆண்டின் ஆறிலொரு பங்கையும் கூட்டுவார்கள். மொத்தம் 183-ஐத் தொட்டால், கனடாவோடுதான் உங்களுக்கு நெருங்கிய தொடர்பு என்று காட்டும் படிவம் 8840 நிரப்ப வேண்டும். ஆண்டுதோறும் 121 நாளோடு நிறுத்துகிறவர் அந்த எல்லையைத் தொடமாட்டார், 122 நாள் இருந்தால் சரியாகத் தொடுவார். ஒன்ராறியோ மருத்துவக் காப்புக்கோ 12 மாதத்தில் 153 நாள் மாகாணத்துக்குள் இருந்தாக வேண்டும்.

பஃபலோ வழி

எல்லையைக் காரில் கடந்து, பஃபலோவிலிருந்து அமெரிக்க நிறுவனத்தின் விமானத்தில் ஏறுவது பலர் யோசிக்காத தெரிவு. அது உள்நாட்டுப் பறப்பு. வெனிஸ் போன்ற, சுங்கம் இல்லாத சின்ன விமான நிலையத்திலும் வீட்டுக்குப் பக்கத்திலேயே இறங்கலாம். அமெரிக்க நிறுவனங்களின் போட்டியால் விலையும் இறங்கும். 7.5 சதவீத வரி நிச்சயம் உண்டு. ஆனால் நவம்பர், டிசம்பரில் ஈரி ஏரியிலிருந்து கிளம்பும் ஏரிப்பனி பஃபலோவை மணிக்கணக்கில் முடக்கும். ரொறன்ரோவில் வெயில் அடிக்கும் அதே நேரத்தில் அங்கே முழங்கால் அளவு பனி நிற்கும். இன்னொன்று: தரைவழி நுழையும் கனடியருக்கு ஐ-94 தானாகக் கிடைப்பதில்லை. 2025 ஏப்ரல் முதல் 30 நாளோ அதற்கு மேலோ தங்குகிறவர் ஐ-94 இல்லாவிட்டால் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். முன்கூட்டியே இணையத்தில் கட்டணம் கட்டி, எல்லையில் கேட்டு வாங்கிவிடுங்கள்.

சாதாரண விமானமும் காரும்

இரண்டே பேர், கூட நாய் இல்லை, இருவரும் நடக்கக்கூடியவர்கள் என்றால் சார்ட்டரை மறந்துவிடுங்கள் என்பதே எங்கள் கருத்து. ஏர் கனடாவின் முன்வரிசையோ, பியர்சனிலிருந்து பறக்கும் போர்ட்டரின் இரண்டிரண்டு இருக்கை வரிசையோ, அதே 3 மணி நேரத்தில் கொண்டுபோய்விடும். செலவு இருவருக்கும் சேர்த்தே சார்ட்டரின் பத்திலொரு பங்குக்குள் அடங்கிவிடும். பியர்சனிலேயே அமெரிக்கக் குடிவரவுச் சோதனை முடிந்துவிடுவதால், புளோரிடாவில் இறங்கியதும் பெட்டியை எடுத்துக்கொண்டு நேரே வெளியே போகலாம். சக்கர நாற்காலி உதவியும் கேட்டால் கிடைக்கும். தனியார் முனையத்தில் படிக்கட்டு ஐந்தாறு செங்குத்துப் படிகள். தூக்கி ஏற்றும் கருவி இருக்கிறதா என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

விமானத்தில் பெரிய நாய்க்கு இடமில்லை. இருக்கைக்கு அடியில் அடங்கும் கூண்டுதான் உள்ளே வரலாம். 35 கிலோ லாப்ரடாரைச் சரக்கறையில் அனுப்ப மனமில்லாதவர்கள்தான் இந்த வழித்தடத்தில் உண்மையான சார்ட்டர் வாடிக்கையாளர்கள். அவர்களுக்குக்கூட இன்னொரு வழி இருக்கிறது: கார். 2,200 கிலோமீட்டருக்கு மேல், இரண்டு மூன்று நாள். பெரிய நாய் இல்லாதவர் கார் ஓட்டிக் களைத்தால் வேர்ஜீனியாவின் லோர்ட்டனில் ஆம்ட்ராக் நிறுவனத்தின் ஓட்டோ ட்ரெய்ன் காத்திருக்கும். காரையும் ஏற்றிக்கொண்டு ஓர் இரவில் 855 மைலைக் கடந்து ஓர்லாண்டோவுக்கு வடக்கே சான்ஃபோர்டில் இறக்கிவிடும். எப்படியும் அங்கே ஐந்து மாதம் ஓட்டக் கார் வேண்டும் என்பதை மறக்கக்கூடாது. ஜெட்டில் போகிறவரும் ஒன்றை வாடகைக்கு எடுக்க வேண்டும், அல்லது லொறியில் அனுப்ப வேண்டும்.

ஜெட் கார்ட், பங்குரிமை இரண்டையும் இரண்டு வரியில் முடித்துவிடலாம். ஜெட் கார்ட் பெரும்பாலும் 25 மணி நேரம் முன்பணமாக. நெட்ஜெட்ஸ் போன்றோரின் மிகச்சிறிய பங்கு பதினாறில் ஒன்று, ஆண்டுக்கு 50 மணி. ஸ்னோபேர்டுக்குத் தேவை ஆண்டுக்கு 6 மணி.

கையெழுத்துக்கு முன்

தரகருக்கு விமான நிறுவன உரிமம் தேவையில்லை. ஓர் இணையதளத்தை மட்டும் போட்டுக்கொண்டு தரகராக இறங்குகிறவர்களும் உண்டு. நீங்கள் பார்க்க வேண்டியது விமானத்தை இயக்கும் நிறுவனத்தின் பெயர், வாலில் எழுதிய பதிவெண். கனடிய நிறுவனமானால் போக்குவரத்து அமைச்சின் இயக்கச் சான்றும் கனடியப் போக்குவரத்து முகமையின் உரிமமும் வேண்டும். அமெரிக்க நிறுவனமானால் வாடகைப் பறப்புக்கான 'பகுதி 135' சான்றும், அந்தச் சான்றின் விமானப் பட்டியலில் உங்கள் பதிவெண்ணும் இருக்க வேண்டும். 'விமானத்தை நீங்கள் குத்தகைக்கு எடுக்கிறீர்கள், விமானியை நாங்கள் அறிமுகப்படுத்துகிறோம்' என்று யாராவது சொன்னால் அது உரிமமில்லாச் சார்ட்டரின் வழக்கமான வேடம். விபத்து என்றால் காப்புறுதி கைவிரித்துவிடும்.

விமானம் பழுதானால் என்ன என்ற பத்தியை இரண்டு முறை படியுங்கள். 'மாற்று விமானம் தர முயல்வோம், கூடுதல் செலவு வாடிக்கையாளருடையது' என்று இருந்தால், டிசம்பர் 22-ஆம் திகதி அந்தக் கூடுதல் செலவு இரட்டிப்பாக இருக்கும், அதுவும் விமானம் கிடைத்தால். டிசம்பர் 20 முதல் சனவரி 4 வரை பெரிய விமான நிறுவனத்தில் அடுத்த பறப்பாவது இருக்கும். சார்ட்டரில் அடுத்தது என்று ஒன்று இருக்காது. கிளம்ப நல்ல நேரம் நவம்பர் நடுப்பகுதியில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை 10 மணிக்குப் பின்: முந்திய இரவின் உறைபனி இளகியிருக்கும், சுங்க அதிகாரியும் வேலை நேரத்தில் இருப்பார். பிள்ளைகளும் கூடவே போய்த் திரும்புவதானால் மட்டும் செவ்வாயை விட்டு வெள்ளியைப் பிடியுங்கள். ஏப்ரல் பயணத்துக்கான விலையையும் அந்த நவம்பர் ஒப்பந்தத்தோடு சேர்த்தே பேசி எழுதிக்கொள்ளுங்கள். ஈஸ்டர் வாரத்தில் புளோரிடாவில் இருந்துகொண்டு தனியாகக் கேட்டால், வடக்கே போக வேண்டியவர் என்பது விற்கிறவருக்கு நன்றாகத் தெரியும்.